ஒளியை வைத்து எடை போடலாமா?

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை இவ்வளவு நெருங்கிய ஊர்களுக்கு வானத்தின் வட கோடியும் தென் கோடியும் ஒருசேர எட்டும். பங்குனி, சித்திரை மாதங்களின் முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் பக்கமாக, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 29 டிகிரி உயரத்தில், மெசியர் 82 என்ற கேலக்ஸி உச்சத்தைக் கடக்கிறது. நமக்கும் அதற்கும் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். சிறிய தொலைநோக்கியில் மங்கலான கீற்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகும் இரவுகளில் தெற்கே என்ஜிசி 300, என்ஜிசி 7793 என்ற இரு கேலக்ஸிகள் 40 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். இம்மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றிலும், கேலக்ஸியின் மையத்திலிருந்து விலகிய ஏதோ ஒரு புள்ளி, விண்மீன் அளவிலான பொருளுக்கு ஆகாது என்று கருதப்பட்ட அளவுக்கு எக்ஸ்-கதிர்களைக் கொட்டுகிறது. எந்தத் தரைத் தொலைநோக்கியாலும் அந்தக் கதிர்களைப் பார்க்க முடியாது. காற்றுமண்டலம் அவற்றை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. வானூர்திகளுக்கும் பலூன்களுக்கும் மேலே, செயற்கைக்கோளில் கருவி வைத்தால்தான் அவை பிடிபடும். அப்படிப் பிடிபட்ட பிறகு அவற்றை என்னவென்று புரிந்துகொண்டோம், அந்தப் புரிதல் எங்கே சறுக்கியது, எது அதைத் திருத்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1978-இல் விண்ணில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வகம்தான் அண்டை கேலக்ஸிகளை எக்ஸ்-கதிரில் முதன்முதலாகத் தெளிவான படங்களாக எடுத்துத் தந்தது. அந்தப் படங்களிலேயே இந்த விசித்திரப் புள்ளிகள் இருந்தன. பின்னர் அவற்றுக்கு மீயொளிர் எக்ஸ்-கதிர் மூலங்கள் என்று பொதுப்பெயர் வந்தது. எக்ஸ்-கதிரில் மட்டும் ஏறத்தாழ 2.6 லட்சம் சூரியன்களின் மொத்த ஒளிர்வைத் தாண்ட வேண்டும், கேலக்ஸியின் மையத்தில் இருக்கக் கூடாது: இவ்விரண்டும்தான் இந்த வகையில் சேருவதற்கான தகுதி. மையத்தை விலக்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே பல லட்சம் சூரிய நிறை கொண்ட ராட்சதக் கருந்துளை உட்கார்ந்திருக்கக்கூடும். அது எவ்வளவு ஒளிர்ந்தாலும் வியப்பில்லை. இன்றைய பட்டியல்களில் இப்படிப்பட்ட மூலங்கள் ஏறத்தாழ 1,800 இருக்கின்றன. பின்னணியில் வெகுதொலைவில் உள்ள வேறு பொருள்கள் சில தவறுதலாகக் கலந்திருக்கலாம். அவற்றைக் கழித்தாலும் பெருந்தொகைதான்.

இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமில்லை: விழுவதிலிருந்து. குற்றாலம் பேரருவியில் ஒரு கிலோ நீர் 60 மீட்டர் விழுவதாகக் கொண்டால் அது வெளியிடும் ஆற்றல் 600 ஜூலுக்கும் குறைவு. நீர் நடுவழியில் பொங்குமாகடலில் மோதி நிற்கும்போது அந்த வேகத்தில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. வெப்பம் மிகச் சிறிது என்பதால் யாரும் உணர்வதில்லை. அதே ஒரு கிலோ பொருள், சூரியனைவிடச் சற்றே அதிக நிறையை வெறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் நியூட்ரான் விண்மீனின் மேல் விழுந்து நின்றால், ஏறத்தாழ 150 கோடி கோடி ஜூல் வெளிப்படும். ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் அதே ஒரு கிலோவிலிருந்து கிடைப்பதைப்போல இது இருபது மடங்குக்கும் மேல். ஒரு பெரிய விண்மீன் தன் வாயுவை அருகில் சுற்றும் நியூட்ரான் விண்மீனுக்கோ கருந்துளைக்கோ இழக்கும்போது, அந்த வாயு சுழன்று சுழன்று வட்டாகத் திரண்டு உள்ளே இறங்குகிறது; இறங்கும்போது கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்-கதிராக எரிகிறது. இதுவரை கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. விழும் பொருளைத் தன்பால் இழுப்பது எவ்வளவு நிறை என்ற கேள்வியில்தான் சிக்கல் தொடங்கியது.

நிறையை நேரடியாக அளக்க வழியில்லாதபோது, ஒளிர்வைக் கொண்டு நிறையை ஊகிக்கும் சூத்திரம் ஒன்று வானியலாளர்களின் கையில் இருந்தது. ஒளிக்கு அழுத்தம் உண்டு. உள்ளே விழும் வாயுவை வெளியே வரும் ஒளி தள்ளுகிறது. ஒளிர்வு கூடக்கூடத் தள்ளுவதும் கூடி, ஒரு கட்டத்தில் ஈர்ப்பைச் சமன்செய்துவிடும். அதற்கு மேல் ஒளிர வேண்டுமானால் மேலும் பொருள் விழ வேண்டும். ஆனால் ஒளியே அதை விழவிடாது. விண்மீன்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த ஆர்தர் எடிங்டனின் பெயரால் இதை எடிங்டன் எல்லை என்கிறோம். ஒரு சூரிய நிறைக்கு இந்த எல்லை ஏறத்தாழ 33,000 சூரிய ஒளிர்வு. பத்துச் சூரிய நிறைக் கருந்துளைக்கு 3.3 லட்சம். ஆகவே 26 லட்சம் சூரியன்களைப் போல ஒளிரும் மூலம் எதையாவது பார்த்தால், அது குறைந்தது 80 சூரிய நிறை உடையது என்று கணக்கு சொல்லிவிடும். 2.6 கோடி என்றால் 800 சூரிய நிறை. விண்மீன்கள் இறந்து உருவாகும் கருந்துளைகளுக்கு இவ்வளவு நிறை பொருந்தாது. கேலக்ஸி மையங்களின் ராட்சதங்களுக்கோ இது மிகக் குறைவு. எனவே இவை இரண்டுக்கும் இடைப்பட்ட, நூறு முதல் பல ஆயிரம் சூரிய நிறை கொண்ட இடைநிலைக் கருந்துளைகள் என்று 1999-இல் எட்வர்டு கோல்பர்ட், ரிச்சர்ட் முஷோட்ஸ்கி முதலியோர் முன்வைத்தார்கள். சிறு கருந்துளைகளிலிருந்து ராட்சதக் கருந்துளைகள் எப்படி வளர்ந்தன என்ற கதையில் காணாமல் போயிருந்த நடுப்பகுதி கிடைத்துவிட்டதாகவே பலர் நம்பினார்கள். இந்த ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாமல் ஒரு திசையில் குவிந்து வந்தால் சாதாரணக் கருந்துளையே போதும் என்று 2001-இல் ஆண்ட்ரூ கிங் முதலியோர் எச்சரித்தார்கள். ஆனால் அப்போது எந்தத் தரப்பும் நியூட்ரான் விண்மீனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதன் எல்லை மிகத் தாழ்ந்தது என்று சூத்திரமே சொல்லிவிட்டதே.

இங்கே இன்னோர் எல்லையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீன் ஒன்று ஏறத்தாழ 1.4 சூரிய நிறைக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்று கண்டார். 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதை வெளிப்படையாக மறுத்தார். காலம் சந்திரசேகரின் முடிவை உறுதிசெய்தது, 1983-இல் நோபல் பரிசும் வந்தது. யார் வென்றார் என்பது இங்கே நமக்கு முக்கியமில்லை. இரண்டுமே எல்லைகள்தாம், ஆனால் அவை நிற்கும் அடித்தளங்கள் வேறு. சந்திரசேகர் எல்லை குவாண்டம் விதிகளிலிருந்தும் சார்பியலிலிருந்தும் நேராகப் பிறக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு என்றாலும் இயற்கையில் பெரும்பாலான வெண்குறு விண்மீன்கள் அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டே இருக்கின்றன. எடிங்டன் எல்லையோ, பொருள் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக விழுகிறது, ஒளியும் எல்லாத் திசைகளிலும் சமமாக வெளியேறுகிறது, நிகழ்வு மாறாமல் தொடர்கிறது, ஒளியைத் தடுப்பவை காந்தப்புலத்தில் சிக்காத எலெக்ட்ரான்கள் என்று நான்கு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. வட்டாகத் திரண்டு, காந்தப்புலத்தின் பிடியில், துருவங்களில் விழும் பொருளுக்கு இந்த நான்கில் ஒன்றுகூட முழுமையாகப் பொருந்தாது. நிபந்தனைகளை மறந்து எல்லையை மட்டும் நினைவில் வைத்ததுதான் கணக்கு தவறியதற்குக் காரணம் என்பது என் வாதம்.

அதைக் காட்டிக்கொடுத்தது 2014-ஆம் ஆண்டு. அந்த ஜனவரியில் மெசியர் 82-இல் ஒரு சூப்பர்நோவா வெடித்தது. 2012-இல் ஏவப்பட்ட நூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அதை நீண்ட நேரம் கவனித்தது. சூப்பர்நோவாவுக்காகச் சேர்த்த அந்தத் தரவில், மாட்டேயோ பக்கெட்டி தலைமையிலான குழுவினர் 1.37 விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துடிப்பு 2.5 நாள் சுற்றுக்காலத்துக்கு ஏற்பச் சற்று முன்னும் பின்னுமாக நகர்ந்ததால், அது ஒரு துணை விண்மீனோடு சுற்றுகிறது என்பதும் தெளிவாயிற்று. கருந்துளைக்குக் கெட்டியான மேற்பரப்பு கிடையாது. அதில் பதிந்து சுழலும் ஒளிப்பொட்டு இருக்க முடியாது. கடிகாரம்போல் மாறாத துடிப்பு வந்தாலே அது சுழலும் நியூட்ரான் விண்மீன்தான். ஆனால் மெசியர் 82-இல் இரண்டு மீயொளிர் மூலங்கள் வானத்தில் 5 விகலை என்ற மிகச் சிறிய கோண இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. நூஸ்டாரால் அவற்றைப் பிரித்துப் பார்க்க இயலாது. அரை விகலை வரை பிரித்தறியும் சந்திரா தொலைநோக்கியின் படங்கள்தாம் துடிப்பது அவற்றுள் எக்ஸ்-2 எனப்படும் மூலம் என்று இனங்காண உதவின. 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. எக்ஸ்-2-இன் உச்ச ஒளிர்வு ஏறத்தாழ 47 லட்சம் சூரியன்கள். 1.4 சூரிய நிறை நியூட்ரான் விண்மீனுக்கு எடிங்டன் எல்லை 47,000-க்கும் குறைவு. அதாவது, எல்லையைப்போல நூறு மடங்கு.

ஒரே ஒரு விதிவிலக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. என்ஜிசி 7793-இல் உள்ள பி13 என்ற மூலம் 0.42 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதாகத் தெரிந்தது. ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள என்ஜிசி 5907-இன் மூலம் இன்னும் அழுத்தமான சான்று. 2.6 கோடி சூரியன்களின் அளவுக்கு எட்டும் அதன் ஒளிர்வைப் பழைய சூத்திரத்தில் போட்டால் 800 சூரிய நிறைக் கருந்துளை என்று விடை வரும். ஜியான்லூகா இஸ்ரேல் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதை நியூட்ரான் விண்மீன் என்று நிறுவியது. எடையில் ஐந்நூறு மடங்குப் பிழை. என்ஜிசி 300-இல் 31.6 விநாடித் துடிப்பு 2018-இல் வெளியாயிற்று. அதே பொருள் 2010-இல் சூப்பர்நோவா என்றே முதலில் தவறாகக் கருதப்பட்டிருந்தது. என்ஜிசி 1313-இல் 1.5 விநாடி, மெசியர் 51-இல் 2.8 விநாடி என்று பட்டியல் நீண்டது. ஒளிர்வு ஒருபோதும் சொல்லாததைக் காலம் சொல்லியது. ஒளிர்வு என்பது வந்து சேர்ந்த ஒளியின் தொகை. அதிலிருந்து நிறைக்குப் போக ஒரு கோட்பாட்டின் துணை வேண்டும். துடிப்போ பொருளின் இயல்பையே நேராகக் காட்டுகிறது. அதற்கு இடையில் ஊகம் மிகக் குறைவு.

இவ்வளவு பொருள் ஒளியின் தள்ளலை மீறி எப்படி உள்ளே போகிறது? இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, உள்ளே வரும் பாதையும் வெளியே போகும் பாதையும் வேறு வேறாக இருப்பது. நிக்கோலாய் ஷக்கூராவும் ரஷீத் சுன்யாயெவும் 1973-இலேயே காட்டியதுபோல, அளவுக்கு மீறிப் பொருள் வரும்போது திரள் வட்டு தடித்து, மிகுதியைக் காற்றாக ஊதித் தள்ளிவிட்டு மீதியை உள்ளே அனுப்புகிறது. அந்தக் காற்று கற்பனையன்று. எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆய்வகத் தரவில், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் வெளியேறும் வாயுவை 2016-இல் என்ஜிசி 1313, என்ஜிசி 5408 ஆகியவற்றின் மூலங்களில் கண்டார்கள். இரண்டாவது காந்தப்புலம். நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம் வட்டை நடுவிலேயே அறுத்து, பொருளைத் துருவங்களுக்கு ஒடுங்கிய தூணாகத் திருப்பிவிடுகிறது. தூணின் வழியே பொருள் இறங்க, ஒளி பக்கவாட்டில் கசிந்து வெளியேறுகிறது. மிக வலிய புலத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியைத் தடுக்கும் திறனும் குறைந்துபோகிறது. நம் பால்வீதியிலேயே 2017-இல் வெடித்தெழுந்த ஸ்விஃப்ட் ஜே0243 என்ற துடிவிண்மீனில், அதாவது துடிக்கும் நியூட்ரான் விண்மீனில், சீனாவின் இன்சைட் செயற்கைக்கோள் அளந்த புலம் ஏறத்தாழ 16 லட்சம் கோடி காஸ். தென்காசியில் பூமியின் காந்தப்புலம் அரை காஸுக்கும் குறைவு.

இதற்கு எழும் முதல் வலுவான மறுப்பு குவிப்பைப் பற்றியது. ஒளி ஒரு கூம்பாகக் குவிந்து நம்மை நோக்கி வருகிறது, நாம் அதை எல்லாத் திசைகளுக்கும் பெருக்கிக் கணக்கிடுகிறோம். அப்படியானால் எல்லை மீறப்படவே இல்லை என்று சொல்லலாம். ஓரளவு குவிப்பு இருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதுவே முழு விளக்கமாகாது என்பதற்கு மூன்று சான்றுகள் உள்ளன. சில மீயொளிர் மூலங்களைச் சுற்றி, அவற்றின் கதிரால் எரியூட்டப்பட்ட வாயு மண்டலங்கள் இருக்கின்றன; ஹோம்பர்க் 2 என்ற கேலக்ஸியில் உள்ளது அவற்றில் பெயர்பெற்றது. நம் திசையில் மட்டும் கதிர் வந்திருந்தால் பக்கங்களில் உள்ள வாயு அந்த அளவுக்கு ஒளிர்ந்திராது. அடுத்து, என்ஜிசி 5907-இன் துடிவிண்மீன் 2003-இல் 1.43 விநாடியாக இருந்த தன் சுழற்சிக்காலத்தை 2014-க்குள் 1.13 விநாடியாகக் குறைத்துக்கொண்டது. பெருமளவு பொருள் உண்மையிலேயே வந்து விழுந்து திருகாமல் இப்படிச் சுழற்சி கூடாது. மூன்றாவது சான்றே மிகவும் உறுதியானது. மெசியர் 82 எக்ஸ்-2-இன் சுற்றுக்காலம் சுருங்குவதைப் பல ஆண்டுகள் அளந்து, துணை விண்மீனிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பூமி நிறை இடம் பெயர்கிறது என்று பக்கெட்டி குழுவினர் கண்டார்கள். அந்த நிறையை, கிலோவுக்கு 150 கோடி கோடி ஜூல் என்ற கணக்கில் பெருக்கினால் ஒரு கோடி சூரியன்களுக்குக் குறையாத ஒளிர்வு கிடைக்கிறது. நாம் காணும் ஒளியை விளக்க இதில் பாதியே போதும். இந்த அளவீடு ஒளிர்வைத் தொடவே இல்லை, காலத்தை மட்டுமே அளந்தது என்பதுதான் இதன் வலிமை.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. 1,800 மூலங்களில் துடிப்பு உறுதியானவை பத்தைச் சுற்றியே இருக்கும்போது, மொத்தத்தையும் நியூட்ரான் விண்மீன்கள் என்று பேசலாமா? பேசக் கூடாதுதான். ஆனால் துடிப்பு காணப்படாததைத் துடிப்பு இல்லாததாகவும் கொள்ளக் கூடாது. கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து ஒரு விநாடியில் நம் கருவியை எட்டும் எக்ஸ்-கதிர்த் துகள்கள் சில சமயம் ஒன்றுக்கும் குறைவு. அதற்குள் மறைந்த தாளத்தைப் பிரித்தெடுக்கப் பல்லாயிரம் துகள்கள் சேர வேண்டும். சேர்வதற்குள் துணை விண்மீனைச் சுற்றும் இயக்கம் தாளத்தை இழுத்தும் சுருக்கியும் கலைத்துவிடும். சில மூலங்களில் துடிப்பு ஒரு முறை தோன்றி, அடுத்த முறை ஒளிர்வு மாறாமலே மறைந்துவிடுகிறது. போதிய துகள்கள் சேர்ந்த மூலங்களை மட்டும் வகுஎண்ணாக எடுத்துக்கொண்டால் துடிப்பவற்றின் பங்கு மிகவும் உயர்ந்துவிடும். எனவே நியாயமான முடிவு இதுதான்: ஒளிர்வை மட்டும் வைத்து எந்த மீயொளிர் மூலத்தையும் கருந்துளை என்றோ நியூட்ரான் விண்மீன் என்றோ தீர்ப்பெழுத முடியாது. இதே அளவுகோல் இடைநிலைக் கருந்துளைகளுக்கும் பொருந்தும். அவை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்-2-க்குப் பக்கத்திலேயே உள்ள மெசியர் 82 எக்ஸ்-1-இல், 2014-இல் தீரஜ் பாஷம் முதலியோர் ஒன்றுக்கொன்று 3:2 விகிதத்தில் அமைந்த இரு அலைவுகளைக் கண்டு, அதன் நிறை ஏறத்தாழ 400 சூரிய நிறை என்று மதிப்பிட்டார்கள். இஎஸ்ஓ 243-49 என்ற கேலக்ஸியில் உள்ள எச்எல்எக்ஸ்-1-இன் ஒளிர்வு இவை எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. இடைநிலைக் கருந்துளைக்கு இன்றும் வலுவாக நிற்கும் வேட்பாளர் அது. பாஷம் குழுவின் வாதம் கவனத்துக்குரியதாவதற்குக் காரணம், அதுவும் ஒளிர்வை விட்டுவிட்டுக் காலத்தைப் பற்றிக்கொண்டதுதான்.

காலத்தால் அளக்கும் இந்த முறையில் இந்தியாவுக்கும் உறுதியான பங்கு உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30 ஏவிய அஸ்ட்ரோசாட், எக்ஸ்-கதிரிலும் புற ஊதாவிலும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஆய்வகம். அந்த வகை ஏவுகலனின் இரண்டாம் கட்டத்தை இயக்கும் விகாஸ் எஞ்சின் சோதிக்கப்படும் மகேந்திரகிரி, குற்றாலத்தின் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கே இருக்கிறது. அஸ்ட்ரோசாட்டின் கருவிகளில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய லாக்ஸ்பிசி, ஒவ்வொரு துகளும் வந்த நேரத்தை ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் குறிக்கிறது. அது படம் எடுக்காது. மெசியர் 82-இன் இரு மூலங்களைப் பிரிக்க அதனால் ஆகாது. இந்தக் குறையே அதன் பணியைத் தெளிவாக்குகிறது: அருகில் உள்ள, பிரகாசமான, தனித்து நிற்கும் மூலங்களைக் காலத்தால் அளப்பது. ஸ்விஃப்ட் ஜே0243 எழுந்தபோது அஸ்ட்ரோசாட் அதைக் கவனித்தது. 2019 இறுதியில், 1993-க்குப் பிறகு அடங்கியிருந்த ஆர்எக்ஸ் ஜே0209 என்ற மூலம் மெகல்லானிய மேகங்களின் பக்கம், ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால், மீண்டும் எழுந்தது. இந்திய ஆய்வாளர்கள் அஸ்ட்ரோசாட் தரவில் அதன் 9.3 விநாடித் துடிப்பைப் பரந்த ஆற்றல் வீச்சில் அளந்து, அது மீயொளிர் வகையை எட்டிய துடிவிண்மீன் என்று 2020-இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட அண்டை மூலங்கள் ஒன்றிரண்டுதான் என்றாலும், எல்லைக்குக் கீழிருந்து எல்லைக்கு மேல் ஏறி மீண்டும் இறங்குவதை முழுவதுமாகக் காட்டக்கூடியவை இவையே. தொலைவில் உள்ளவற்றில் ஊகித்ததை இங்கே சரிபார்க்கலாம்.

இன்னொரு கேள்வியும் எழலாம்: பெருஞ்செலவில் புதிய ஆய்வகங்கள் வராமல் இத்துறையில் என்ன நடந்துவிடப் போகிறது? புதிய கருவிகள் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நடந்ததைப் பார்த்தால், மெசியர் 82-இன் துடிப்பு வேறு நோக்கத்துக்காகச் சேர்த்த தரவில் கிடைத்தது. என்ஜிசி 5907-இன் துடிப்பு ஆண்டுக்கணக்காகக் காப்பகத்தில் கிடந்த 2003-ஆம் ஆண்டுத் தரவிலும் இருந்தது. நியூட்ரான் விண்மீனாக இருக்க முடியாது என்ற முன்முடிவு, தேட வேண்டிய இடத்தில் தேடவிடாமல் தடுத்திருந்தது. சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், நூஸ்டார் ஆகியவற்றின் தரவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. அஸ்ட்ரோசாட் தரவும் 2018 முதல் பொதுக் காப்பகத்தில் இருக்கிறது. தென்காசி வட்டாரக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படிக்கும் மாணவருக்கும் கேம்பிரிட்ஜில் படிப்பவருக்கும் அந்தக் காப்பகம் ஒன்றுதான். அதில் இறங்குபவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கமும் ஒன்றுதான்: எந்த எல்லையைப் பயன்படுத்தினாலும் அதன் நிபந்தனைகளைக் கூடவே எழுதி வைக்க வேண்டும், அந்த நிபந்தனைகள் தன் முன்னால் உள்ள மூலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று முதலில் கேட்க வேண்டும். எடிங்டன் எல்லை பொய்யாகிவிடவில்லை. சமச்சீராகப் பொருள் விழும் இடங்களில் அது இன்றும் செல்லும். அதை எல்லா இடத்துக்கும் உரிய தராசாக்கியதே பிழை. மீயொளிர் மூலங்களில் எத்தனை நியூட்ரான் விண்மீன்கள், எத்தனை சிறு கருந்துளைகள், எத்தனை இடைநிலைக் கருந்துளைகள் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு மூலத்தையும் ஆண்டுக்கணக்கில் காலத்தால் அளப்பவர்களே விடை சொல்வார்கள்.